கீழே சின்ன எழுத்தில்

அந்த ஸ்டிக்கரை அச்சடித்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்திருந்து, பிறகு பெரிய மனுஷன் மாதிரி ஒப்புக்கொள்வதெல்லாம் எனக்குப் பிடிக்காத வேலை.

என் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், நான். திறப்பு விழா, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மெஷின்தான். சிரிக்கிற முகமும் செத்த முகமும் ஒரே மையில்தான் வரும். இரண்டு தெரு தள்ளி அந்த அலுவலகம். ‘பழங்குடிப் பெண்களின் உரிமை, தலைமை, வாழ்வாதாரம்’ என்று வாசலில் தொங்கும் போர்டும் நான் அடித்ததே. மாதாமாதம் அவர்களுக்கு ஏதாவது அச்சாகும். பொய் சொல்வானேன், என் கடை ஓடியது அவர்களால்தான்.

அந்த அலுவலகத்துக்கு மலையிலிருந்து செய்தி கொண்டுவருகிறவளை எல்லாரும் ரிப்போட்டரக்கா என்பார்கள். ஆறு மலைப் பெண்களுக்கு போன் கொடுத்து, பேட்டி எடுக்கவும் படம் பிடிக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். ஒருத்திக்கு சார்ஜ் போட வீட்டில் கரண்ட் இல்லை. ஒருத்தியின் போனைப் புருஷன் கல்லில் போட்டு உடைத்தான். இப்படி ஐந்து பேர் கழன்றுகொள்ள, இவள் மட்டும் நின்றாள். மழைக்காலத்திலும் போனை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு குடியிருப்பு குடியிருப்பாக நடப்பாள். போனவுடன் கேள்வி கேட்க மாட்டாள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து அவர்களோடு கிழங்கு உரிப்பாள். ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, “இதைப் பதிஞ்சுக்கவா?” என்று கேட்டுத்தான் போனை எடுப்பாள். வேண்டாம் என்றால் கிழங்கு உரித்ததோடு எழுந்து வந்துவிடுவாள்.

துடைப்பப் புல் அறுக்கும் பெண்கள் சங்கத்துக்கும் அவள்தான் தலைவி. புல்லை எடைபோட்டு வாங்கும் டிப்போவில் எடைக்கல்லில் மோசடி இருப்பதைப் படம் பிடித்து, அந்தக் கல்லையே மாற்ற வைத்தவள். டிப்போக்காரன் அன்றிலிருந்து அவளைப் பார்த்தால் எச்சிலைக் கூட்டி வைத்துக்கொள்வான்.

அவள் புருஷனை நான் மாமா என்பேன். அவளை அக்கா என்று கூப்பிட்டுவிட்ட பிறகு வேறு என்ன கூப்பிடுவது? அதிகம் பேசாத ஆள். புல்லைப் பிடி பிடியாகச் சேர்த்து அவர் கட்டிய துடைப்பத்தில் ஒரு ஈர்க்கு உருவ முடியாது. சந்தைக்கு வரும்போதெல்லாம் என் கடைக்கு ஒன்று தருவார். “உன் மெஷினு குப்பையாத் துப்புதே, அதுக்கு வச்சுக்க” என்பார். அவர் சொன்ன மிகப்பெரிய நகைச்சுவை அதுதான், வருஷத்துக்கு நாலு தடவை சொல்வார்.

அறுப்பு முடிந்து வெயில் ஏறிய ஒரு நாள், அலுவலகத்தின் தகவல் தொடர்பு அதிகாரி பென்டிரைவோடு வந்தார். படக்கார சார் என்று அவருக்குப் பெயர். இஸ்திரி கலையாத சட்டை, இனிமையான பேச்சு. யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். திரையில் அவர் திறந்த படத்தில் அக்கா இருந்தாள்.

புல் உதறும் களத்தில் எடுத்த படம். பூத்தூள் கண்ணில் விழுந்து, ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணிலிருந்து நீர் வழிகிறது. பின்னால் மங்கலாக மாமா, கையில் அரிவாள், அவளை நோக்கி ஓர் எட்டு எடுத்து வைத்திருக்கிறார். தூசியை ஊதிவிட வருகிறார் என்பது முழுப் படத்தையும் பார்த்த எனக்குத் தெரியும். ஏனென்றால் இடது பக்கம் நாலு பெண்கள் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

“இந்தப் பக்கத்தை வெட்டிருங்க தம்பி. ஃபோகஸ் கலையுது” என்றார் படக்கார சார்.

அந்த நாலு சிரிப்பையும் வெட்டியவன் நான்தான்.

பிறகு எழுத்து. பெரிதாக, சிவப்பில்: ‘அவன் வைத்த சூடு ஆறிவிட்டது. நான் ஆறவில்லை.’ அதன் கீழே ஒரு பெண்ணின் கதை. குடித்துவிட்டு வந்த புருஷன் கொள்ளிக்கட்டையால் முழங்கையில் சூடு வைத்ததும், மூன்று நாள் அறையில் பூட்டி வைத்ததும், அவள் ஓடிப்போனதும்.

“சார், இது நம்ம ரிப்போட்டரக்கா இல்ல?”

“அவங்கதான். அந்தக் கண்ணைப் பாருங்க. நூறு பக்கம் எழுதினாலும் வராது.”

“கதையும் அவங்களோடதா சார்?”

“இல்லப்பா, கதை வேற ஒருத்தங்களோடது. அவங்க முகத்தைக் காட்டினா ஆபத்து. அதனால வேற படம் வைக்கிறோம். எல்லா இடத்துலயும் இப்படித்தான் செய்வாங்க. கீழ ஒரு வரி போட்டுருங்க: படம் சித்திரிப்புக்காக மட்டுமே, பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன. சின்னதா போடுங்க, டிசைனைக் கெடுத்துறப் போகுது.”

எட்டு சைஸில் போட்டேன். நாலடி உயர ஸ்டிக்கரில் எட்டு சைஸ் எழுத்து என்பது ஓரத்தில் ஓடும் எறும்பு வரிசை. எனக்கு மனசு உறுத்தாமல் இல்லை. ஆனால் அறுபது ஸ்டிக்கர், அதுவும் நல்ல வினைல். உறுத்தலை ஓரமாக வைத்துவிட்டு, “மூணு வருஷத்துக்கு வெயில் மழை எதுவும் ஒண்ணும் பண்ணாது சார், நான் கியாரண்டி” என்று நானே வாயால் சொன்னேன்.

ஒரே வாரத்தில் அறுபதும் ஏறிவிட்டன. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட மதில், மலைக்குப் போகும் பஸ்ஸின் முதுகு. ஒன்று சரியாக என் கடைக்கு எதிரே, டிக்கெட் கவுண்டர் தூணில். காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் அவள் கண்ணீர்தான்.

அடுத்த சந்தை நாளில் மாமா தலையில் துடைப்பக் கட்டோடு இறங்கி வந்ததை நான் பார்த்தேன். வழக்கமாக வாங்குகிற பெண்கள் அவரைப் பார்த்ததும் விலகினார்கள். ஒருத்தி தூணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், காறித் துப்பினாள். அவருக்கு எழுத்து வாசிக்க வராது. தூணில் பொண்டாட்டி படம் இருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஆளிடம், “எம் பொண்டாட்டிதான்” என்று காட்டினார். அந்த ஆள் ஓங்கி அறைந்தான்.

நான் கடைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஓடவில்லை.

மாலைக்குள் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து ஆள் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். மறுநாள் சாயங்காலம்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் மலையை விட்டு இறங்கவே இல்லை. அக்கா மட்டும் மாதக் கூட்டத்துக்கு வருவாள், என் கடைப்பக்கம் திரும்பாமல் போவாள்.

இப்படி மூன்று மாதம். மழை ஆரம்பித்துவிட்டது. அலுவலகத்தின் ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு சங்கமும் தங்கள் பேனரைத் தாங்களே தயாரித்துக் கொடுக்க வேண்டும், அச்சு என்னிடம். புல் சங்கத்தில் இருந்து மட்டும் எதுவும் வரவில்லை. அதைச் சாக்காக வைத்து நான் மலையேறினேன். சாக்கு இல்லாமல் போகும் தைரியம் எனக்கு இல்லை.

கடைசி பஸ் நிறுத்தத்தில் இருந்து ஒரு மணி நேர ஏற்றம். தகரக் கூரை, இரண்டு அறை. பள்ளிக்கூட நாளில் அவர்கள் மகள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. விற்காத துடைப்பங்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன, ஈரம் பட்டுப் பாதி கறுத்துப்போயிருந்தன. மாமா கொல்லைப்புறம் உட்கார்ந்து வேலியோரப் புல்லைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளங்கையெல்லாம் கீறல்.

“அரிவாள் எங்க மாமா?”

அவர் இன்னொரு பிடி புல்லைப் பிடுங்கினார். உள்ளேயிருந்து அக்காதான் சொன்னாள். “கூரைல செருகினது செருகினபடி இருக்கு. அதைக் கையில எடுத்தா அந்தப் படத்துல இருக்கிற மாதிரி ஆயிருமாம். புல்லு, விறகு எல்லாம் கையாலயே பிடுங்குறாரு, கையாலயே ஒடிக்கிறாரு. உக்காரு.”

வேகவைத்த கிழங்கும் மிளகாய் உப்பும் வைத்தாள். பால் இல்லாத டீ. வெளியே மழை தகரத்தில் கொட்ட, மாமாவும் உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் ஒரு கிழங்கை உரிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

“அக்கா, அதை அடிச்சது நாந்தான்.”

“தெரியும்.”

“கேட்டிருக்கணும்.”

“கேட்டிருக்கணும். நீ என்ன பேசாமடந்தையா? ஊர்ல செத்தவன் படத்துக்குச் சட்டைக் கலர் மாத்தணும்னாலே பத்து கேள்வி கேப்பியே!”

திட்டட்டும் என்று இருந்தேன். அவள் திட்டுவதை நிறுத்தியதுதான் கஷ்டமாக இருந்தது.

“அது என் கதை இல்லன்னு ஸ்டேஷன்லயே சொன்னேன் தம்பி. முழங்கையைக் காட்டினேன். சூடு இருக்கா பாருங்கன்னேன். அங்க இருந்த போலீஸம்மா என் தோள்ல கையை வச்சு, ‘பயப்படாத, அடி வாங்குறவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க’ங்குது. எவ்வளவு சத்தமா இல்லங்கிறனோ அவ்வளவு பாவமாப் பாக்குது. இவரு நான் அடிக்கலன்னாரு. ‘அடிக்கிறவன் எல்லாரும் இப்படித்தான்டா சொல்வான்’னு முதுகுல ஒண்ணு வச்சாங்க. அப்புறம் கேட்டாங்க, சரி, உன் கதை இல்லன்னா யார் கதை? பேரைச் சொல்லு, இவனை இப்பவே விட்டுர்றோம்னு.”

“சொல்ல வேண்டியதுதானேக்கா?”

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா முதல்முறையாக வாயைத் திறந்தார். “எந் தங்கச்சி.”

கையிலிருந்த கிழங்கைத் தட்டிலேயே வைத்தேன்.

“நாத்தனாதான்” என்றாள் அக்கா. “அவ சொல்ல மாட்டேன்னுதான் சொன்னா. நாந்தான் பக்கத்துல உக்காந்து, சொல்லு புள்ள, மூஞ்சி வராது, பேரு வராது, இதைக் கேட்டு நாலு பொம்பளைங்க தப்பிச்சுக்குவாங்கன்னு பேச வச்சேன். இப்ப தூரத்துல ஒரு ஹாஸ்டல் சமையக்கட்டுல வேலை பாக்குறா. எந்த ஊருன்னு எங்க மூணு பேருக்குத்தான் தெரியும். நான் ஸ்டேஷன்ல பேரைச் சொல்றேன்னு வை, மறுநாளே கேஸுன்னு அவளைக் கூப்பிடுவாங்க, அவ புருஷன் மோப்பம் பிடிச்சுட்டுப் போயிருவான். அதனால வாயை மூடிட்டு வந்துட்டேன். இவரு ராத்திரி பூரா லாக்கப்ல கிடந்தாரு. தங்கச்சி பேரு வாயில வரல.”

“அவன் அந்த ஸ்டிக்கரைப் பாக்கலியா? தன் கதைன்னு தெரியாதா?”

“பாத்தான். பாத்துட்டு இங்கேயே வந்தான்.”

அதை அக்கா சொல்லவில்லை. மாமா சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

“மரம் ஏத்துற லாரில வந்து இறங்கினான். நான் வாசல்ல இருந்தேன். நல்லாக் குடிச்சிருந்தான். தோள்ல கையைப் போட்டு, ‘என்ன மச்சான், ஊருக்கெல்லாம் உத்தமன் வேஷம் போட்டியே, கடைசில நீயும் நம்ம ஆளுதானா’ன்னான். ‘நான்கூட கையிலதான் வச்சேன், நீயும் கையிலதான் வச்சியா’ன்னு சிரிக்கிறான். ‘இனிமே என் பொண்டாட்டிக்காக நியாயம் கேட்டு என் வாசலுக்கு வந்தீன்னா உன் படத்தைக் காட்டுவேன்’னான். இல்லடா நாயே, அது உன் கதைடான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, அவகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு தெரிஞ்சுரும். அவளைத் தேட ஆரம்பிச்சுருவான். அதனால,” மாமா நிறுத்தினார். “அதனால நானும் சிரிச்சேன்.”

அக்கா அடுப்பில் விறகைத் தள்ளினாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. மூன்று மாதத்தில் அது வேறு ஏதோவாக இறுகிப் போயிருந்தது.

“சங்கத்துல என்னக்கா சொல்றாங்க?”

“டிப்போக்காரன் சொல்லிக் குடுத்ததைச் சொல்றாங்க. வீட்டுல புருஷன்கிட்ட சூடு வாங்குறவ எங்களுக்கு என்ன நியாயம் வாங்கித் தருவான்னு. ஆண்டு விழா முடிஞ்சதும் கூட்டம் போட்டுத் தலைவியை மாத்தப் போறாங்க. மாத்தட்டும். இந்த மனுஷன் சிரிச்சாருன்னு சொன்னாரே, அதுக்கு ஒருத்தன் பதில் சொல்லியே ஆகணும். லாரிக்காரனுக்கு வேற நாள் வச்சிருக்கேன். முதல்ல உங்க படக்கார சார்.”

மறுநாளே என்னோடு இறங்கி வந்தாள். அலுவலகத்தில் மின்விசிறி, கண்ணாடி மேசை, சுவர் முழுக்கச் சிரிக்கும் மலைப் பெண்கள். படக்கார சார் எழுந்து நாற்காலி போட்டார், டீ சொன்னார். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கேட்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா நாம எந்தத் தப்பும் செய்யலை. பயிற்சி அன்னிக்கே படம் பயன்படுத்தலாம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சித்திரிப்புன்னு கீழயும் தெளிவாப் போட்டிருக்கோம்.”

“எங்க சார்?”

சுவரில் சாய்த்து வைத்திருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். அக்கா நின்றபடி பார்த்தாள். “தெரியலியே.”

“குனிஞ்சா தெரியும்மா.”

குனிந்தாள். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். நிமிர்ந்தபோது அவள் காது சிவந்திருந்தது.

“இதை எடுத்துருங்க சார். அறுபதையும்.”

“வருஷக் கடைசி வரைக்கும் பிரச்சாரம் இருக்கேம்மா. வேணும்னா ஒரு திருத்தம் போடலாம். ஆனா அது இவங்க கதை இல்லன்னு போட்டா, அப்ப யாருதுன்னு கேப்பாங்க. யோசிச்சுப் பாருங்க, உங்களுக்குத்தான் சங்கடம். இந்த ஒரு படத்தைப் பாத்து எத்தனை பேரு கலங்கிருக்காங்க தெரியுமா? உங்க கண்ணீர் வீணாப் போகலை.”

“அது தூசி சார்.”

“இருக்கட்டும்மா. எதுவா இருந்தா என்ன?”

அக்கா டீயைத் தொடவில்லை. கதவு வரை போய்த் திரும்பினாள்.

“ஒரு சந்தேகம் சார். கீழ அந்தச் சின்ன எழுத்து இருந்தா, மேல யார் படத்தை வேணாலும் போடலாமா?”

“பொது வெளியில எடுத்த படம்னா பிரச்சினை இல்லம்மா. சட்டப்படி அது போதும்” என்று சிரித்தார். பிறகு என்னிடம், “ஆண்டு விழா பேனருக்கு அவங்க குடுக்கறதை அப்படியே அடிச்சிருங்க தம்பி. என்கிட்ட காட்டவே வேணாம். அவங்க குரல்ல ஒரு வார்த்தைகூட நாங்க கை வைக்கக் கூடாது” என்றார்.

தெருவில் இறங்கியதும் அக்கா கேட்டாள், “எவ்வளவு பெருசு அடிக்கலாம் உன் மெஷின்ல?”

“எட்டடி வரைக்கும்.”

“சரி.”

இரண்டு நாள் கழித்துப் போனோடு வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். போன வருஷம் படக்கார சார் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்திருந்தார். சங்கக் கொட்டகை வாசலில் அவரே அன்னாசிப் பழம் அறுத்து எல்லாருக்கும் கொடுத்தாராம். அக்கா எடுத்த படம். கையில் நீளக் கத்தி, பல் தெரியச் சிரித்து மனைவியைப் பார்க்கிறார். மனைவி மிளகாய் உப்பின் காரம் தாங்காமல் கண்ணைத் துடைக்கிறாள்.

“இதைவிடப் படம் கிடைக்காதுக்கா” என்றேன். எனக்கும் வெறி ஏறியிருந்தது. “கண்ணீரும் இருக்கு, கத்தியும் இருக்கு. அப்படியே பழிக்குப் பழி.”

“அந்தப் பொண்ணை வெட்டு.”

“அக்கா, அவங்க இருந்தாத்தானே...”

“அவ எனக்கு என்ன பண்ணினா? அவளைக் கேட்டனா நான்? வெட்டு.”

வெட்டினேன். ஓரத்தில் வளையல் போட்ட கை மட்டும் நின்றது.

“கையையும் எடு.”

எடுத்தேன். பக்கத்தில் ஆள் இருந்தபோது அது சிரிப்பு. ஆளை எடுத்ததும் கத்தியோடு ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். எனக்கே ஒரு கணம் கழுத்து கூசியது. இத்தனை வருஷம் தொழில் செய்தும், வெட்டுகிற கத்திரிக்கு இவ்வளவு வேலை தெரியும் என்று எனக்கு உறைத்ததே இல்லை.

பிறகு அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். தலைப்பு சிவப்பில்: ‘வெளியில் சிரிப்பார். கதவு சாத்தினால் கத்தி.’ கீழே கதை. பெண்களுக்காகவே உழைக்கிறவர் என்று ஊரே சொல்லும் ஒரு புருஷன். விருந்தாளி போனதும் பொண்டாட்டியின் தட்டை உதைப்பவன். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று வாயில் துணி அடைப்பவன்.

“யார் கதைக்கா இது?”

“நாலு வீட்டுக் கதை, ஒண்ணாச் சேத்தேன். நாலு பேர்கிட்டயும் வாசிச்சுக் காட்டி, போடவான்னு கேட்டுட்டேன். ஒருத்தி ஒரு வரியை எடுக்கச் சொன்னா, எடுத்துட்டேன். இப்ப அடில போடு. படம் சித்திரிப்புக்காக மட்டுமே. பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.”

“எந்த சைஸ்?”

“என் படத்துக்குக் கீழ என்ன சைஸோ அதே.”

ஆண்டு விழா டவுன் ஹாலில் நடந்தது. ஹால் முழுக்க ஸ்டால். தேன், மெழுகு, கூடை. கடைசி மூலையில் துடைப்பம். மழையில் கறுத்த துடைப்பங்களை மாமா துடைத்துத் துடைத்து அடுக்கியிருந்தார். அக்கா கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள். ஆள் தலை நிமிரவில்லை. பின்னால் பேனர், மேல் ஆணியில் சுருட்டியபடி கட்டியிருந்தது. நான் மெஷின்காரன், எனக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் ஷட்டரைச் சாத்திவிட்டு வந்திருந்தேன்.

அலுவலகத்துக்குப் பணம் தருகிற பெரியவர்கள் ஏழெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு படக்கார சார் ஒவ்வொரு ஸ்டாலாக வந்தார். பின்னால் அவர் மனைவி. எங்கள் மூலைக்கு வந்ததும் அவர்கள் பக்கம் திரும்பி, “இதெல்லாம் இவங்களே தயாரிச்சது. ஒரு வார்த்தைகூட நாங்க திருத்தலை” என்றார். அக்கா கயிற்றை இழுத்தாள். எட்டடி பேனர் விரிந்து இறங்கியது.

வந்தவர்கள் பேனரைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடி பேனரைப் பார்த்தார்கள். அவர்கள் முகம் மாறியதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் திரும்பினார்.

“என்னம்மா இது?”

“எங்க பேனர் சார்.”

“என் படத்தைப் போட்டிருக்கீங்க!”

“சித்திரிப்பு சார்.”

“இதைப் பாத்தா நான் என் பொண்டாட்டியை... யாரும்மா நம்புவாங்க? இது பொய்!”

“கதை நிஜம் சார். படம்தான் சித்திரிப்பு. கீழ தெளிவாப் போட்டிருக்கேன்.”

“எங்க?”

“குனிஞ்சா தெரியும் சார்.”

எட்டடி பேனரில் கடைசி வரி தரையோடு இருந்தது. குனிந்தால் போதவில்லை, குந்த வேண்டியிருந்தது. இஸ்திரி கலையாத சட்டையோடு அவர் அத்தனை பேர் நடுவில் குந்தி, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, வாசித்தார். தேன் ஸ்டால் பெண்கள், கூடை ஸ்டால் பெண்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது, மறைக்க மாட்டேன்.

வந்தவர்களில் நரைத்த தலை அம்மா ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “தப்பா நினைக்காதீங்க. இதுல ஏதாவது உண்மை...”

“ஐயோ இல்லங்க, சத்தியமா இல்லை! நான் அப்படிப்பட்ட ஆளே இல்லை!”

துடைப்பத்துக்குப் பின்னாலிருந்து மாமா தலையை நிமிர்த்தினார்.

“எல்லாரும் இப்படித்தான் சார் சொல்வாங்க.”

சத்தமே இல்லாமல்தான் சொன்னார்.

படக்கார சாரின் மனைவி பேனருக்குக் கிட்டே வந்தாள். கொட்டகையையும் பழத்தையும் அடையாளம் கண்டுகொண்டாள் போல.

“அன்னிக்கு நானும் பக்கத்துல உக்காந்திருந்தேனே. என்னைக் காணோம்?”

“உங்களைக் கேக்காம உங்க முகத்தைப் போட எனக்கு என்னம்மா உரிமை இருக்கு?” என்றாள் அக்கா.

அந்த அம்மா புருஷனிடம் திரும்பினாள். “பஸ் ஸ்டாண்டுல இவங்க படம் இருக்கே. அதுக்குக் கீழயும் இந்த மாதிரிதான் எழுதியிருக்கா?”

அவர் பேனரின் அடியைப் பார்த்தார். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

“எடுத்துருங்கம்மா” என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. “எங்க அம்மா வராங்க மத்தியானம். தயவுசெஞ்சு எடுத்துருங்க. நான் நாளைக்கே ஆளை அனுப்பி அறுபதையும் எடுத்துர்றேன்.”

“ஆளு வேணாம் சார். நீங்க. உங்க கையால. கடைசி ஸ்டிக்கர் வர்ற வரைக்கும் இது இந்தத் தம்பி கடை வாசல்ல தொங்கும், பஸ் ஸ்டாண்டைப் பாத்து.”

என்னை யாரும் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

“அம்மா வர்றாங்கன்னு சொல்றேனேம்மா. வயசானவங்க.”

அக்கா ஒரு கணம் வாசலைப் பார்த்தாள். அவள் இளகிவிடுவாள் என்று நினைத்தேன். என் உள்மனசு இளகாதே என்றது. “எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போயி மூணு மாசமாச்சு சார்” என்றாள். “மதில்ல இருக்கிறதுல இருந்து ஆரம்பிங்க.”

ஒன்பது நாள் ஆயிற்று அவருக்கு. சுடுதண்ணீரில் முக்கிய துணியை ஒற்றி ஒற்றி, பிளேடால் சுரண்ட வேண்டும். என் வினைல் லேசில் விடாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ்ஸின் முதுகு. ஊர் கேட்டது, ஏன் சார் நீங்க சுரண்டுறீங்க என்று. முதல் இரண்டு நாள் ஏதேதோ சொல்லிச் சமாளித்தார். மூன்றாம் நாளில் இருந்து, “அது அவங்க கதை இல்லை. தப்பு என்னோடது” என்றே சொன்னாராம். யாருடைய கதை என்று கேட்டவர்களிடம், “அது எனக்கும் தெரியாது” என்றாராம். அந்தப் பொய்யை மட்டும் அக்கா அவருக்கு அனுமதித்திருந்தாள். அவர் மனைவி இன்னும் அவரிடம் பேசவில்லை என்று கேள்வி.

கடைசி ஸ்டிக்கர் என் கடைக்கு எதிரே, தூணில். அன்று சந்தை. பேனரின் கீழே நின்றுகொண்டு நான் வேடிக்கை பார்த்தேன். மலை பஸ்ஸில் இருந்து அக்காவும் மாமாவும் துடைப்பக் கட்டோடு இறங்கினார்கள். படக்கார சார் வாளியை வைத்துவிட்டு, படத்தில் அக்காவின் நெற்றியில் பிளேடை வைத்தார்.

“முகத்தை விடுங்க சார்” என்றாள் அக்கா. “அதை நான் எடுத்துக்கறேன்.”

மாமாவிடம் கையை நீட்டினாள். மாமா இடுப்பிலிருந்து அரிவாளை உருவிக் கொடுத்தார். படக்கார சார் ஓர் அடி பின்வாங்கினார். அக்கா தூணில் சாய்ந்து முதலில் தன் முகத்தை எடுக்கவில்லை. பின்னால் மங்கலாக, கையில் அரிவாளோடு நின்ற மாமாவைத்தான் எடுத்தாள். ஓரம் கிழியாமல், முழுசாக உரித்து எடுத்தாள். அதைச் சுருட்டி இடுப்பில், போனுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டாள். பிறகுதான் தன் கண்ணீரைச் சுரண்டினாள்.

“நான் தலைப்பை எடுக்கவாம்மா?” என்று கேட்டார் படக்கார சார்.

“அதையும் நானே எடுக்கறேன். நீங்க அடில இருக்கிறதை எடுங்க.”

அவர் தூணடியில் குந்தினார். சந்தைக் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. மாமா கட்டைப் பிரித்து, வழக்கமாக உட்காரும் அதே இடத்தில் கடை விரித்தார். ஒரு பெண் வந்து துடைப்பத்தை உருவிப் பார்த்தாள். நாங்கள் டீ குடித்தோம், இரண்டு பஸ் வந்து போயிற்று, அவர் இன்னும் குந்தியபடி எழுத்து எழுத்தாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். எட்டு சைஸ் எழுத்து சீக்கிரத்தில் வராது, எனக்குத் தெரியும்.